மறுகால் அடைத்த மெஷின்

“எம்மா, ஸ்க்ரூ திருக்க நீயா வந்திருக்க? ஆம்பளயாளு யாரும் பின்னால வருதாங்களா?”

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரு பலகாரக் கடை முதலாளி என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. நான் தோளிலிருந்த கருவிப் பெட்டியை இறக்கி அவருடைய மேசைமேல் வைத்தேன். “இல்ல அண்ணாச்சி, நான் மட்டுந்தான்” என்றேன். அவர் என் தலைக்கு மேலாகத் தெருவை எட்டிப் பார்த்தார். ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர்களையும் பார்த்தார். பெட்டி தூக்கிக்கொண்டு எந்த ஆண்பிள்ளையும் வரவில்லை என்பது உறுதியான பிறகுதான் கடையின் உள்பக்கம் கை நீட்டினார்.

“அன்னா இருக்கு. நல்லா ஓடிக்கிட்டுக் கெடந்த மெஷின். இன்னைக்குக் காலைல ம்ம்ம்னு ஒரு முனங்கு. அதோட சரி.”

அது ஒரு எஸ்பிரெசோ காபி மெஷின். அதற்குப் பக்கத்திலேயே இடுப்புயரப் பித்தளை பில்டர் ஒன்று, விபூதி பூசி, பூச்சரம் சுற்றி நின்றது. பல வருடங்களாக அந்தக் கடையின் பெயரைக் காப்பாற்றி வந்தது அந்தப் பித்தளைதான். எதிர்ப்புறத்துக் கல்லூரிப் பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள் என்று போன மாதம்தான் முதலாளி இந்தப் புது மெஷினை வாங்கியிருந்தார். புதிதுக்குப் பூ இல்லை. அது இன்னும் அவருடைய நம்பிக்கையைச் சம்பாதிக்கவில்லை. என்னைப் போலத்தான்.

நான் வேலை பார்ப்பது காபி மெஷின்களை விற்றுப் பழுதும் பார்க்கும் ஒரு நிறுவனத்தில். அப்போது ஆறு மாதச் சோதனைக் காலத்தில் இருந்தேன். ஆறு மாதம் முடிந்ததும் ஒன்று என்னை மெக்கானிக்காக நிரந்தரம் செய்வார்கள், இல்லாவிட்டால் அலுவலகத்தில் போன் எடுக்கும் மேசையில் உட்கார வைப்பார்கள். எனக்கு முன்னால் மெக்கானிக்காகச் சேர்ந்த பெண்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் இப்போது போன் மேசையில்தான் இருக்கிறார்கள். அந்த மேசையில் மூன்றாவதாக ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. தினமும் காலையில் கையெழுத்துப் போடப் போகும்போது அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். அம்மா பீடி சுற்றுகிறார். அப்பா குளத்து மடையைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலை செய்கிறார். இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அவர்களைப் பெற்றவர்களும் போனதில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடப் பை தூக்கியவள் நான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவளும் நான்தான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் எதுவும் கிடையாது. சான்றிதழ் வந்த அன்று அம்மா பீடி இலைத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்துதான் அந்தத் தாளைத் தொட்டார். அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, “முத்திரை நல்லா இருக்குளா” என்றார். அந்த முத்திரையை வாங்கியவள் போன் எடுத்துக் காலம் தள்ளுவதா? அந்த நாற்காலியைத் தாண்டும்போதெல்லாம் இதுதான் என் மனதில் ஓடும்.

மெஷினைத் திறந்தேன். பம்ப் கருகியிருந்தது.

இந்த வகை மெஷினின் பம்ப் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒரு கம்பிச் சுருள். அதற்கு நடுவில் ஒரு சின்னத் தண்டு. கரண்ட் கொடுத்தால் அந்தத் தண்டு நொடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னும் துடித்துத் தண்ணீரைத் தள்ளும். காபித்தூளை ஊடுருவிச் சாறு இறக்க ஒன்பது பார் அழுத்தம் போதும். ஆனால் பம்ப்புக்கு அந்தக் கணக்குத் தெரியாது. முன்னால் வழி அடைபட்டால் பதினைந்துக்கும் மேலே போய் முட்டும். இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அந்தச் சுருளைக் குளிர வைத்திருப்பதே அதன் வழியாக ஓடும் தண்ணீர்தான். தண்ணீர் நகராமல் நின்றுவிட்டால் பம்ப் நின்ற இடத்திலேயே துடித்துத் துடித்துத் தன்னைத்தானே சுட்டுக்கொள்ளும்.

அப்படி ஆகக் கூடாது என்பதற்காகத்தான் பம்ப்பை அடுத்து ஒரு ரிலீஃப் வால்வு வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங், அதை அழுத்தும் ஒரு ஸ்க்ரூ, பக்கத்தில் ஒரு மெல்லிய டியூப். அவ்வளவுதான். அழுத்தம் அளவைத் தாண்டினால் தண்ணீர் ஸ்பிரிங்கைத் தள்ளித் திறந்துகொண்டு அந்த டியூப் வழியாக வெளியேறிவிடும். முன்னால் வழி இல்லாவிட்டாலும் பம்ப்புக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். பம்ப் பிழைக்கும். ஸ்க்ரூவை இறுக்க இறுக்க ஸ்பிரிங் கெட்டிப்படும். ஒரேயடியாக இறுக்கிவிட்டால் வால்வு இருந்தும் இல்லாதது மாதிரிதான்.

இதெல்லாம் இன்றைக்குத் தெளிவாகச் சொல்கிறேன். அன்றைக்கு நான் வால்வைப் பார்க்கவே இல்லை. பம்ப் போய்விட்டது, பம்ப்பை மாற்றினேன். அறிக்கைத் தாளில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று ‘பழுது’, இன்னொன்று ‘காரணம்’. பழுது என்ற இடத்தில் பம்ப் என்று எழுதிவிட்டு, அடுத்த கட்டத்துக்கு என்ன எழுதுவது என்று எங்கள் சீனியர் மெக்கானிக்குக்குப் போன் செய்து கேட்டேன்.

“வோல்டேஜ்னு எழுது” என்றார் அவர்.

“வோல்டேஜ் அளந்து பாத்தேன் அண்ணே, சரியாத்தான இருக்கு?”

“நீ பாக்கும்போது சரியா இருக்கும். எழுதுன்னா எழுதேன்.”

எழுதினேன். அந்தக் கட்டத்தில் எல்லோரும் எப்போதும் எழுதுவது அதைத்தான்.

மூன்று வாரத்தில் அதே கடையிலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தது. புது பம்ப்பும் கருகிவிட்டது. முதலாளி இந்த முறை தெருவைப் பார்க்கவில்லை, என்னை நேராகப் பார்த்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

இந்த முறை வால்வைப் பார்த்தேன். ஸ்க்ரூ அடிவரைக்கும் இறுகிக் கிடந்தது. ஏதோ தயாரிப்பிலேயே நடந்த தவறு என்று நினைத்துக்கொண்டேன். புது பம்ப் போட்டு, காபித்தூள் வைக்கும் கைப்பிடிக்குப் பதிலாக, அழுத்தம் காட்டும் கேஜ் பொருத்திய கைப்பிடியை மாட்டி அளந்து, முள் ஒன்பதில் நிற்கும்படி ஸ்க்ரூவைத் தளர்த்தி வைத்தேன். சரியாக வைத்த ஸ்க்ரூவிலிருந்து வால்வின் உடம்புவரை குறுக்காக ஒரு கோடு போட்டுவிட வேண்டும் என்று பாலிடெக்னிக்கில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். யாராவது திருகினால் ஸ்க்ரூவில் இருக்கும் பாதிக் கோடு நகர்ந்துவிடும், காட்டிக்கொடுத்துவிடும். கையில் பெயிண்ட் இல்லை. பையைத் துழாவியதில் தோழியின் கல்யாணத்துக்கு வாங்கிய சிவப்பு நகப்பூச்சு கிடைத்தது. அதால் ஒரு கோடு இழுத்தேன்.

காபி மாஸ்டர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் எப்போதும் ஒரு டபரா இருக்கும்.

“என்ன பிள்ள, மெஷினுக்கு மருதாணி வைக்கியா? என்னைக்குக் கல்யாணம்?”

“உங்களுக்குப் பத்திரிகை வைக்காம நடக்காது மாமா.”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்த வாயோடு மூடியை மாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன். நான் செய்த தவறு அதுதான். வால்வைச் சரியாக வைத்தேன், கோடும் போட்டேன். ஆனால் அந்த டியூப் எதற்கு இருக்கிறது என்று அந்தக் கடையில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படித்தவள் நான், எனக்குத் தெரிந்தால் போதும் என்ற நினைப்பு. காரணம் கட்டத்தில் ‘வால்வு அளவு தவறு’ என்று எழுதி, உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டே பஸ் ஏறினேன்.

இரண்டே வாரம். மூன்றாவது பம்ப்பும் போனது.

இந்த முறை முதலாளி எனக்குப் போன் செய்யவில்லை, எங்கள் மேனேஜருக்குச் செய்தார். மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். கத்த மாட்டார். அதுவே பயமாக இருக்கும். என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“மெஷினைத் திருப்பி எடுத்துக்கச் சொல்றாருங்க. ஒரே கடை, ஒரே மெஷினு, மூணு பம்ப்பு. ரெண்டு தடவையும் போனது நீங்க. நான் மேல என்ன சொல்றதுங்க?”

“எனக்கு இன்னொரு தடவை பாக்கணும் சார்.”

“நாளைக்கு ஒரு நாள் போய்ட்டு வாங்க. இதுவும் ஆகலைன்னா, போன் மேசையில ஆள் தேவைப்படுதுங்க. அதுவும் நல்ல வேலைதானுங்க.”

நல்ல வேலைதான். ஆனால் அது எனக்கு வேண்டாம். நான் எழுந்து நின்று, “ஆகும் சார்” என்றேன். எப்படி ஆகும் என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை முக்கூடலிலிருந்து முதல் பஸ். பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். கடை திறந்து, முதல் ஈடு உளுந்தவடை எண்ணெயில் இருக்கும்போது உள்ளே போய்விட்டேன். மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன்.

கோடு உடைந்திருந்தது. வால்வின் உடம்பில் பாதிச் சிவப்பு அப்படியே இருந்தது. ஸ்க்ரூவின் தலையில் இருந்த மீதிப் பாதி சுற்றிப் போய் எதிர்ப்பக்கம் நின்றது. ஸ்க்ரூ மறுபடியும் அடிவரைக்கும் இறுகியிருந்தது.

அந்தச் சிவப்பைப் பார்த்தபோது எனக்கு வந்தது கோபம் இல்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், மகிழ்ச்சிதான். பம்ப் தானாகக் கெடவில்லை. தயாரிப்புத் தவறும் இல்லை. வோல்டேஜும் இல்லை. என் கை வேலையில் குற்றமே இல்லை. ஒரு மனிதக் கை இதைத் திருகியிருக்கிறது.

“மாமா, இந்த ஸ்க்ரூவத் திருக்குனியளா?” என்று மாஸ்டரைக் கேட்டேன்.

“நானா? எனக்குப் பால் பொங்காமப் பாக்கவே ரெண்டு கண்ணு பத்தல. நான் எதுக்குத் திருக்குதேன்?” என்றவர், குரலைத் தாழ்த்தி, “திருக்குனது அங்கன உக்காந்திருக்கு” என்று மேசைப் பக்கம் டபராவைக் காட்டினார்.

முதலாளி அதை மறைக்கவும் இல்லை. எழுந்து வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“நான்தான் திருக்குனேன். அதுக்கு இப்ப என்ன? சொட்டுச்சும்மா. அந்த ரப்பர் குழாய் வழியா நாள் பூரா சொட்டுச் சொட்டுன்னு தட்டுல விழுது. ரெண்டு பம்ப்பு மாத்தினியே, ஒழுக்க நிறுத்தினியா நீ? மொத நாள்ல இருந்து ஒழுகுது. நான்தான் பார்த்து இறுக்குனேன், நின்னுச்சு. நீ வந்து லூசாக்கிட்டுப் போன, திரும்ப ஒழுகுச்சு. திரும்ப இறுக்குனேன்.”

“அது ஒழுக்கு இல்ல அண்ணாச்சி.”

“தண்ணி சொட்டுனா ஒழுக்கு இல்லாம என்ன? யாவாரம் பண்ணுத எடத்துல தண்ணி சொட்டலாமா? உங்க வீட்டுல குழாய் சொட்டுனா அம்ம சும்மா இருப்பாளா?”

இருக்க மாட்டார். குழாய் சொட்டினால் லட்சுமி இறங்கிப் போகிறாள் என்று துணியைச் சுற்றியாவது கட்டிவிட்டுத்தான் அம்மா அடுத்த வேலை பார்ப்பார். இந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் அப்படித்தான். எங்கள் நிறுவனம் தந்த ஆங்கிலக் கையேட்டில் வால்வைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. திருநெல்வேலிக் கடைக்காரர் ஒருவர் சொட்டும் தண்ணீரைப் பார்த்தால் என்ன செய்வார் என்பது அதில் இல்லை. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் இந்த ஊர்க்காரிதானே?

சரி, ஏன் அவ்வளவு சொட்டியது? ஒன்பது பாரைத் தாண்டினால்தானே வால்வு திறக்க வேண்டும்? அப்படியானால் முன்னால் ஏதோ வழியை மறிக்கிறது. மெஷினில் தூள் வைக்கும் கைப்பிடியைக் கழற்றி மேசைமேல் தட்டினேன். உள்ளே இருந்த தூள் உதிர்ந்து விழவில்லை. பிசுபிசுவென்று சேறு மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. விரலால் தோண்டி முகர்ந்து பார்த்தேன்.

“மாமா, இதுல என்ன தூள் போடுதிய?”

“நம்ம கடைத் தூள்தான். அந்தப் பித்தளைக்குப் போடுத அதே தூளு.” மாஸ்டரின் முகத்தில் ஒரு பெருமை. “கம்பெனிக்காரன் குடுத்த தூள் வெறும் கசப்பு. நம்மாளுக்குச் சிக்கரி இல்லாம தொண்டையில எறங்குமா? கால்வாசி சிக்கரி. நல்லா மாவாட்டம் அரைச்சு, அமுக்கி அமுக்கி வைக்கணும். அப்பத்தான் டிகாஷன் கள்ளிச்சொட்டா நிக்கும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பித்தளை பில்டருக்கு அவர் சொன்னது அத்தனையும் சரி. சிக்கரி தண்ணீரைக் குடித்து ஊதிப் பிடித்துக்கொள்ளும். வெந்நீர் மெல்ல மெல்லத்தான் இறங்கும். ராத்திரி ஊற்றி வைத்தால் காலையில் கெட்டியான டிகாஷன் கிடைக்கும். பித்தளைக்கு அவசரம் இல்லை. ஆனால் இந்த மெஷினுக்கு இருப்பது அரை நிமிடம்தான். மாவாக அரைத்த சிக்கரித் தூள் அதன் வாயில் அணை கட்டிவிட்டது. தண்ணீர் முன்னால் போக முடியாமல் வால்வைத் திறந்துகொண்டு டியூப்பில் சொட்டியது. சொட்டுவதைப் பார்த்து முதலாளி வால்வை இறுக்கினார். இப்போது முன்னாலும் வழியில்லை, பக்கத்திலும் வழியில்லை. பம்ப் என்னதான் செய்யும்?

இதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். பார், ஸ்பிரிங் என்று ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்தில் எழுந்து போய்விடுவார். அவருக்குச் சீவலப்பேரியில் வயல் இருக்கிறது என்று தெரியும். போனில் எப்போது பார்த்தாலும் நாற்று, உரம், ஆள் கூலி என்றுதான் பேச்சு.

“அண்ணாச்சி, ஐப்பசி மழையில உங்க குளம் நிறைஞ்சிட்டு. மறுகால்ல தண்ணி போகுது. நீங்க என்ன செய்விய?”

குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறக் கரையின் ஒரு ஓரத்தில் விட்டிருக்கும் வழிதான் மறுகால். எங்கள் பக்கத்தில் மறுகால் பாய்கிறது என்றால் ஊரே போய் நின்று பார்க்கும்.

“என்ன செய்வேன்? போய் வேடிக்கை பாப்பேன்.”

“தண்ணி வீணாப் போகுதேன்னு மூட்டை போட்டு அடைப்பியளா?”

“கோட்டி பிடிச்சிருக்கா எனக்கு? மறுகால அடைச்சா கர நிக்குமா? அறுத்துக்கிட்டுல்லா போகும்...”

சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். அந்த ரப்பர் டியூப்பைப் பார்த்தார்.

புது பம்ப்பை மாட்டினேன். கேஜ் கைப்பிடியைப் பொருத்தினேன். ஸ்க்ரூவை அவர் இறுக்கி வைத்திருந்தபடியே விட்டுவிட்டு, “முள்ளையும் பாருங்க, சத்தத்தையும் கேளுங்க” என்று சொல்லி பட்டனை அழுத்தினேன். முள் ஒன்பதைத் தாண்டியது. பன்னிரண்டு, பதினான்கு. பம்ப்பின் சத்தம் தடித்து, அடைத்த தொண்டையால் முனகுவது போல ஆனது. இரண்டு நொடியில் நிறுத்திவிட்டேன்.

“இந்தச் சத்தம்தான்! அன்னைக்குப் போறதுக்கு முந்தி இப்பிடித்தான் முனங்குச்சு” என்றார் மாஸ்டர்.

ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். மறுபடி பட்டன். முள் ஏறி ஒன்பதைத் தொட்டு அங்கேயே நின்றது. டியூப்பிலிருந்து தண்ணீர் ஓடியது. பம்ப் சீராக, அலட்டிக்கொள்ளாமல் ஓடியது. முதலாளி குனிந்து அந்த டியூப்புக்குக் கீழே விரலை நீட்டினார். தண்ணீர் விரலில் பட்டு வழிந்தது.

“மறுகாலயா அடைச்சேன் நான்!” என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பிறகு என் பக்கம் திரும்பினார். “ஒண்ணுக்கு ரெண்டு தடவ அடைச்சிருக்கேன். வெளிய சொல்லாதம்மா, ஊர்ல சிரிப்பான்.”

“ஓய் அண்ணாச்சி, மூணு கர உடைஞ்சிருக்கு” என்றார் மாஸ்டர்.

“நீரு பேசாதீரும் வே! சேத்த அள்ளி வாய்க்கால்ல போட்டது நீரு!”

கடையில் வடை தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உள்ளே குளம் நிறைந்த மாதிரி இருந்தது.

ஆனாலும் ஒரு சிக்கல் மீதமிருந்தது. சொல்லிப் புரிந்துகொண்டாலும், நாள் முழுக்க ஒரு டியூப் சொட்டிக்கொண்டிருந்தால் அவருடைய கண் அங்கேதான் போகும். கை என்றைக்காவது ஸ்பேனரைத் தேடும். அவர் நம்பிக்கையோடு சண்டை போட்டு ஜெயிக்க எனக்கு ஆசை இல்லை. பெட்டியில் சிலிக்கான் டியூப் ஒரு துண்டு இருந்தது. பழைய டியூப்பை எடுத்துவிட்டு, ஒன்றரை முழம் வெட்டி, மெஷினின் பின்புறமாகச் சுற்றிக் கொண்டுபோய்த் தண்ணீர் டேங்கின் வாய்க்குள்ளேயே விட்டேன். இனி மிச்சமாகும் தண்ணீர் வந்த இடத்துக்கே திரும்பிப் போகும். பெரிய மெஷின்கள் சிலவற்றில் இப்படித்தான் வைத்திருப்பார்கள்.

“சொட்டு வெளிய விழாது அண்ணாச்சி. லட்சுமி வீட்டுக்குள்ளயே சுத்தி வருவா.”

அவர் தட்டைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

தூள் விஷயத்தில் மாஸ்டரோடுதான் கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. கடைசியில் மெஷினுக்குச் சிக்கரி இல்லாத தூள், சற்றுக் கொரகொரப்பாக. பித்தளைக்கு அவருடைய தூள், அவர் இஷ்டம். “என் பித்தளையில கை வைக்காத வரைக்கும் சரி” என்று ஒப்புக்கொண்டார்.

பிறகு அறிக்கைத் தாள். பழுது என்ற கட்டத்தில் பம்ப் என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், ரிலீஃப் வால்வின் ஸ்க்ரூ கடையில் இறுக்கப்பட்டது, சிக்கரி கலந்த நைசான தூள் பயன்படுத்தப்பட்டது என்று எழுதி முதலாளியிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“இத எழுதித்தான் ஆகணுமாம்மா? வோல்டேஜ்னு போட்டா என்ன? மொத தடவ அப்படித்தான போட்ட?”

கடையில் அத்தனை பேர் முன்னால் அவரைத் தலைகுனிய வைப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கட்டத்தில் வோல்டேஜ் என்று எழுதினால் நாளைக்கு நான் போன் மேசையில் உட்கார்ந்திருப்பேன்.

“அண்ணாச்சி, மொத நாள் ஆம்பளயாளு வருதாங்களான்னு கேட்டிய. நான் மட்டுந்தான்னு சொன்னேன். இந்தத் தாள்ல உண்மைய எழுதலேன்னா இனிமே நான் வர மாட்டேன். ஆம்பளயாளுதான் வரும்.”

அவர் தாளை மேசைமேல் விரித்தார். பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போடப் போனவர் நிறுத்தி, “ரிலீஃப், கிலீஃப்னு இங்கிலீசுல எழுதியிருக்க. படிக்கவனுக்கு வெளங்காது. மறுகால அடைச்சாச்சுன்னு எழுது, அப்பத்தான் போடுவேன்” என்றார்.

எழுதினேன். ‘கடையில் மறுகால் அடைக்கப்பட்டது.’ அவர் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். மூடியை மாட்டுவதற்கு முன்னால் ஸ்க்ரூவில் மறுபடியும் சிவப்புக் கோடு இழுத்தேன். இந்த முறை அவரைக் கிட்டே கூப்பிட்டு, அந்தக் கோடு எதற்கு என்றும் காட்டினேன்.

மேனேஜர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். “மறுகால்னா என்னங்க?” என்றார். குளத்திலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். முழுவதும் கேட்டார். “ஒரு மாசம் பார்க்கலாங்க” என்றார். சீனியர் மெக்கானிக் மட்டும், “குளமாம், கரையாம்” என்று சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் கதையைச் சொன்னேன். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர், வால்வையும் பம்ப்பையும் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“இப்ப கர நிக்கா?” என்றார்.

“நிக்குப்பா.”

“பின்ன என்ன” என்று சொல்லிவிட்டு மறுபடி மண்வெட்டியைக் கழுவினார்.

கரை நின்றது. ஒரு மாதம் அந்தக் கடையிலிருந்து அழைப்பே இல்லை. இரண்டாவது மாதமும் இல்லை. இடையில் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். புது மெஷின் மேல் விபூதிக் கீற்று, பூச்சரம். பித்தளைக்கு இருப்பதைவிடச் சின்னச் சரம்தான். மாஸ்டர் விட்டுக்கொடுக்கவில்லை போலும். ஆனாலும் பூ, பூதானே.

அதே சமயத்தில் அலுவலகத்தில் இன்னொன்று நடந்தது. சங்கரன்கோவில் பக்கம் ஒரு கடையில் பம்ப் போய்விட்டது என்று ஒரு மெக்கானிக் போன் செய்தார். சீனியர் போனை வாங்கி, சாதாரணமாக, “மொதல்ல மறுகாலப் பாரு லே. அடைச்சிருப்பானுவ” என்றார். நான் பக்கத்து மேசையில் ஸ்பேனர் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. அவரும் என் பக்கம் பார்க்கவில்லை. அந்த வார்த்தைக்கு அதன்பிறகு ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை. இப்போது எங்கள் அலுவலகத்தில் ரிலீஃப் வால்வு என்று யாரும் சொல்வதில்லை.

சோதனைக் காலம் முடிந்த அன்று மேனேஜர் கூப்பிட்டு நிரந்தரக் கடிதத்தைக் கொடுத்தார். மெக்கானிக் என்று தெளிவாகப் போட்டிருந்தது. அம்மா மறுபடியும் கை கழுவிவிட்டுத்தான் தொட்டார். அப்பா இந்த முறை நேராகவே பிடித்தார். எது மேல்பக்கம் என்று முத்திரையை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாராம்.

போன வாரம் வண்ணாரப்பேட்டை முதலாளி அலுவலகத்துக்குப் போன் செய்தார். மறுபடியும் பம்ப்போ என்று நினைத்தேன். பழுது ஒன்றும் இல்லை. களக்காட்டில் அவருடைய மைத்துனர் கடை திறக்கிறார். இரண்டு கைப்பிடி வைத்த பெரிய மெஷின் வாங்குகிறார்கள். அதை மாட்ட அந்த முக்கூடல் பிள்ளைதான் வர வேண்டும், வேறு ஆளை அனுப்பினால் மெஷினே வேண்டாம் என்றாராம். இதுவரை பெரிய மெஷினைத் தனியாக நிறுவ சீனியரை மட்டுமே அனுப்பியிருக்கிறார்கள். மேனேஜர் தயங்கித் தயங்கி, “முடியுங்களா? மெஷின் வியாழக்கிழமைதான் வருது, யோசிச்சுச் சொல்லுங்க” என்றார்.

யோசிக்க ஒன்றும் இல்லை, “முடியும் சார்” என்றேன். நேற்று எனக்கு விடுமுறை. களக்காட்டுக்கு பஸ் ஏறிப் போய் வந்துவிட்டேன். கடையில் இன்னும் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. மெஷின் நிற்கப்போகும் இடத்தையும், தண்ணீர்க் குழாய் வரும் சுவரையும் அளந்தேன். மைத்துனரைக் கூப்பிட்டு, எந்தத் தூள் போடப்போகிறார் என்று முதலில் கேட்டேன். டப்பாவைத் திறந்து காட்டினார். சிக்கரி மணந்தது. ஒரு தாளில் குளம், கரை, மறுகால் மூன்றையும் வரைந்து, மெஷினில் மறுகால் எங்கே இருக்கும் என்று காட்டி, எதைத் தொடக் கூடாது என்றும் சொல்லிவிட்டு வந்தேன். திரும்பும் வழியில் ஒரு புது நகப்பூச்சும் வாங்கினேன், அதே சிவப்பு. மறுகாலுக்கான டியூப்பை இன்று காலையில் அளவு பார்த்து வெட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.